சர்வீஸ் சென்டர் மூடிய பிறகு பட்டறைகளில் வேலை தேடியது

ஒரே பிராண்டு காரைப் பத்து வருஷத்துக்கு மேல் கழற்றி மாட்டியவன் வெளிப் பட்டறையில் வேலை கேட்டுப் போனால் முதலில் வரும் கேள்வி, "மத்த வண்டி தெரியுமா?" என்பதுதான். அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரிந்துகொள்ளவே எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. அதற்கு வருவதற்கு முன்னால் காகித வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னோடு வேலை போனவர்களில் சிலர் அதில்தான் கோட்டை விட்டார்கள்.

2023-ல் மலேசியாவில் நான் இருந்த கார் சர்வீஸ் சென்டர் அந்தக் கிளையை மூடியது. பெயர் வேண்டாம். ஆபீசில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "ஒரு ரிசைன் லெட்டர் எழுதிக் கொடுத்துடுங்க, ரெக்கார்டு சுத்தமா இருக்கும், அடுத்த இடத்துல சேர்றதுக்கு லேசா இருக்கும்" என்று நல்லவிதமாகத்தான் பேசினார்கள். ரெண்டு மூன்று பேர் எழுதியும் கொடுத்துவிட்டார்கள். என் மனைவியின் சித்தப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தொழிற்சங்கத்தில் ஊறின ஆள். ராத்திரி போன் போட்டுக் கேட்டேன். "மாப்பிள்ளை, நீங்களா போறேன்னு எதுலயும் கையெழுத்து போட்டுடாதீங்க. அவங்க அனுப்புறாங்க, அதை அவங்களே எழுதிக் கொடுக்கட்டும்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு எத்தனை ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) மதிப்பு என்று பிறகுதான் புரிந்தது.

விஷயம் இதுதான். வேலைச் சட்டத்தின் கீழ் 1980-ல் வந்த விதிமுறைகள் இருக்கின்றன. ஆட்குறைப்பில் போகிறவருக்கு, சேவை ஒரு வருஷத்திலிருந்து இரண்டுக்குள் என்றால் வருஷத்துக்கு 10 நாள் சம்பளம், இரண்டிலிருந்து ஐந்துக்குள் என்றால் 15 நாள், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். வேலை முடிந்து 7 நாளுக்குள் அது கைக்கு வர வேண்டும். முன்னறிவிப்பும் அதே மாதிரி, ஒப்பந்தத்தில் வேறு எதுவும் எழுதவில்லை என்றால் 4 வாரம், 6 வாரம், 8 வாரம். மாதச் சம்பளம் 4000 வெள்ளிக்கு மேல் இருந்தால் இந்த இழப்பீடு சட்டப்படி கட்டாயமில்லை, ஒப்பந்தத்தைத்தான் பார்க்கணும். ஆனால் ஸ்பேனர் பிடிக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தக் கோட்டுக்குக் கீழேதானே இருக்கிறோம். தானாக ரிசைன் எழுதிக் கொடுத்தவருக்கு இதில் எதுவும் கிடையாது.

அடுத்தது சொக்சோ, தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம். 2018-லிருந்து நம் சம்பளத்தில் மாதம் 0.2 விழுக்காடு வேலை காப்புறுதித் திட்டத்துக்குப் போகிறது, முதலாளியும் அதே அளவு கட்டுகிறார். சம்பளச் சீட்டில் சில வெள்ளிதான் என்பதால் யாரும் கவனிப்பதில்லை. வேலை போனால் அதிலிருந்துதான் வேலை தேடும் அலவன்ஸ் வரும். முதல் மாதம் கணக்கிட்ட சம்பளத்தில் 80 விழுக்காடு, அப்புறம் படிப்படியாகக் குறையும். எத்தனை மாதம் வரும் என்பது நீங்கள் எத்தனை மாதம் கட்டியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கணக்குக்கு எடுக்கும் சம்பள வரம்பு அப்போது 5000 வெள்ளி, 2024 அக்டோபரிலிருந்து 6000. வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் விண்ணப்பிக்கணும். இங்கேயும் ரிசைன் செய்தவருக்கு இல்லை. எழுதிக் கொடுத்த ஒரு நண்பன் கவுண்டர் வரை போய்விட்டு வெறும் கையோடு திரும்பி வந்தான். நியாயமில்லாமல் நீக்கிவிட்டார்கள் என்று தொழிலுறவு இலாகாவில் புகார் கொடுப்பதற்கும் அதே 60 நாள்தான் கெடு. அதனால் மனசு சரியில்லை, ரெண்டு மாசம் கழித்துப் பார்க்கலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

அலவன்ஸ் வாங்குகிறவர் மாதாமாதம் எங்கெங்கே வேலை தேடினோம் என்று பதிவு செய்யணும், மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்திலும் பெயர் இருக்கணும். அதில் எனக்கு வந்த வேலைகள் பெரும்பாலும் டயர்க் கடை, லாரி கம்பெனி, பஸ் டிப்போ. டிப்போ வேலை மோசம் என்று சொல்ல மாட்டேன். ஷிப்ட் ஒத்துவந்தால், டீசல் எஞ்சின் கை பழகினால், சம்பளம் நேரத்துக்கு வரும். எனக்குச் சின்னப் பிள்ளைகள் இருந்ததால் ராத்திரி ஷிப்ட் சரிப்படவில்லை.

சரி, இப்போது பட்டறைக்கு வருவோம்.

ரெஸ்யூம் அடித்து வைத்திருந்தேன், பெரிய சர்வீஸ் சென்டர்களுக்கு அனுப்பவும் செய்தேன். அங்கே இருபத்தைந்து வயசுப் பையன்களை எடுத்துத் தங்கள் முறைக்குப் பழக்குவதைத்தான் விரும்புகிறார்கள், நாற்பதைத் தாண்டிய ஆளைக் கூப்பிட்டால் போர்மன் சம்பளம் கேட்பான் என்ற பயம். கோலாலம்பூரில் செகாம்புட், ஜாலான் ஈப்போ, கெப்போங், சான் சோவ் லின் பக்கம் வரிசையாக இருக்கும் பட்டறைகளில் ரெஸ்யூமைக் கொடுத்தால் தவுக்கே, அதாவது பட்டறை முதலாளி, அதை வாங்கி இன்வாய்ஸ் கட்டுக்கு அடியில் வைப்பார். அவ்வளவுதான். எண்ணெய்க் கையோடு நிற்கிற மனுஷன் இரண்டு பக்க ஆங்கிலத்தை எப்போது படிப்பார்?

எந்தப் பட்டறையில் ஆள் தேவை என்பது முதலில் தெரிவது ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் டெலிவரி ஓட்டும் பையன்களுக்குத்தான். அவர்கள் ஒரு நாளைக்குப் பத்திருபது பட்டறைக்குள் போய் வருகிறார்கள். எந்த லிஃப்டில் ஒரே கார் ஒரு வாரமாகத் தொங்குகிறது, எங்கே போமன் (மெக்கானிக்) சண்டை போட்டுக்கொண்டு போனான், எந்தத் தவுக்கே சாமானுக்குக் காசு இழுத்தடிக்கிறார், எல்லாம் அவர்களுக்குத் தெரியும். கடைசியாகச் சொன்னது முக்கியம். சாமான் கடைக்கே நேரத்துக்குக் காசு கொடுக்காதவர் உங்கள் சம்பளத்தை மட்டும் நேரத்துக்குக் கொடுத்துவிடப் போகிறாரா? இழுவை லாரி ஓட்டுகிறவர்களும் இதே மாதிரி நல்ல தகவல் வைத்திருப்பார்கள். எனக்குச் செய்தி வந்தது ஒரு டெலிவரி தம்பியிடமிருந்து. "அண்ணே, செகாம்புட்ல ஒரு தவுக்கே ஆள் தேடுறாரு. எஞ்சின் பார்க்க ஆள் இருக்கு, வயரிங் தெரிஞ்ச ஆளுதான் வேணுமாம்."

அந்தக் கடைசி வரிதான் எனக்கு வழி காட்டியது. அதுவரைக்கும் போன இடமெல்லாம், "மத்த வண்டி தெரியுமா?" என்றதும், "தெரியும் பாஸ், எல்லாம் செய்வேன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாம் செய்வேன் என்று சொல்கிற ஆள் ஏற்கனவே ஒவ்வொரு பட்டறையிலும் ஒருவர் இருக்கிறார், இன்னொருவருக்குச் சம்பளம் கொடுக்கத் தவுக்கேக்கு என்ன அவசியம்? சர்வீஸ் சென்டர் ஆளிடம் மட்டும் சில பழக்கங்கள் உண்டு. வயரிங் டயகிராம் பார்த்துப் படிக்கத் தெரியும், ஸ்கேனரில் கோட் வந்தவுடனே அந்த சென்சாரை மாற்றாமல் லைவ் டேட்டா பார்க்கத் தெரியும், போல்ட்டை அளவாக முறுக்க டார்க் ரெஞ்ச் எடுக்கும் பழக்கம் இருக்கும், என்ன செய்தோம் என்று ஜாப் கார்டில் எழுதத் தெரியும். நமக்கு இதெல்லாம் தினப்படி வேலை, பெருமையாகவே தோன்றாது. வெளியே அதற்கு நல்ல கிராக்கி இருக்கிறது. பதில் இப்படி இருக்கணும்: "எல்லா வண்டியும் பழக்கமில்லை பாஸ். ஆனா எலெக்ட்ரிக்கல் கோளாறு எந்த வண்டியில வந்தாலும் தேடிக் கண்டுபிடிப்பேன்."

செகாம்புட் தவுக்கே சீனர், மலாயில்தான் பேசினோம். அவர் சான்றிதழ் எதையும் கேட்கவில்லை, மூலையில் நின்ற ஒரு பழைய மைவி காரைக் காட்டினார். ஒரு நர்சின் வண்டி. ரெண்டு நாள் ஓட்டாமல் நிறுத்தினால் ஸ்டார்ட் ஆகாது. ரெண்டு தடவை பேட்டரி மாற்றியாகிவிட்டது, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரும் மாற்றியாகிவிட்டது. "இதைப் பாரு அண்ணே" என்றார்.

முதலில் சார்ஜிங் பார்த்தேன், 14.1 வோல்ட், குறை இல்லை. அப்படியென்றால் நிறுத்தி வைத்திருக்கும்போது எதுவோ கரண்டைக் குடிக்கிறது. போனட்டைத் திறந்து வைத்து, டிரைவர் கதவின் லாக்கை ஸ்குரு டிரைவரால் தள்ளி மூடின மாதிரி வைத்தேன், இல்லாவிட்டால் உள் விளக்கு எரிந்துகொண்டே இருந்து கணக்கைக் கெடுக்கும். சாவியைத் தூரமாக வைத்தேன். பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றி நடுவில் மல்டிமீட்டரை 10 ஆம்ப் ரேஞ்சில் மாட்டினேன். உடனே தெரியும் எண்ணை நம்பக் கூடாது, வண்டி தூங்குவதற்கு நேரம் கொடுக்கணும். அந்த அரை மணி நேரம் சும்மா நிற்பதுதான் கஷ்டம், ஏனென்றால் தவுக்கே பார்த்துக்கொண்டிருக்கிறார், சும்மா நிற்கிறானே என்று நினைப்பார். அதனால் என்ன செய்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் நின்றேன். மீட்டர் 0.38 ஆம்பில் வந்து நின்றது. 0.05-க்குக் கீழே இருக்க வேண்டியது. 0.38 என்றால் 48 மணி நேரத்தில் 18 ஆம்பியர்-அவர் போய்விடும், மைவியின் சின்னப் பேட்டரி மொத்தமே 35 சுமாருக்குத்தான். ரெண்டு நாளில் பாதி காலி. பேட்டரிக்கு வயசு ஆக ஆக ஸ்டார்ட்டர் இழுக்காது.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்காமல், ஃபியூஸின் தலையில் தெரியும் ரெண்டு புள்ளியில் மில்லிவோல்ட் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். கரண்ட் ஓடாத ஃபியூஸில் சைபர் காட்டும். ரேடியோ ஃபியூஸில் மட்டும் எண் வந்தது. டேஷ்போர்டைக் கழற்றினால் யாரோ மாட்டிக் கொடுத்த ஆண்ட்ராய்டு பிளேயர். அதன் மஞ்சள் வயர் எப்போதும் பேட்டரியில் இருக்கணும், சிவப்பு வயர் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் லைனில் இருக்கணும். மாட்டியவர் ரெண்டையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றிவிட்டார். கார் அணைந்த பிறகும் பிளேயர் திரையை மட்டும் அணைத்துவிட்டு உள்ளே விழித்துக்கொண்டே இருந்திருக்கிறது. சிவப்பைப் பிரித்து சரியான லைனில் சால்டர் வைத்து மாட்டியதும் மீட்டர் 0.02-க்கு இறங்கியது.

அங்கே மூத்த போமன் ஒருவர், அறுபது வயசு இருக்கும், ஸ்குரு டிரைவரைக் காதில் வைத்து எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்தக் கலை எனக்கு இன்னும் வரவில்லை. அவருக்கு வயரிங் என்றாலே ஆகாது. என்னை எடுத்ததற்கு அவருடைய வெறுப்பும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன். அப்புறம் தவுக்கே சொன்ன இன்னொரு விஷயம் எனக்கே ஆச்சரியம். ஃபெண்டர் மேல் துணி போட்டதையும், உள்ளே உட்காருவதற்கு முன்னால் கையைத் துடைத்ததையும் அவர் கவனித்திருக்கிறார்.

இப்படி ஒரு நாள் வேலை வாங்கிப் பார்க்கிற முறையில் ஏமாற்றும் உண்டு. இதற்கு முன்னால் வேறொரு இடத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை கியர்பாக்ஸ் இறக்கி கிளட்ச் பிளேட் மாற்ற வைத்தார்கள், "போன் பண்ணுறோம்" என்று அனுப்பினார்கள், போன் வரவில்லை. ஆள் பற்றாக்குறை நாட்களில் இப்படியே ஓசியில் வேலை முடித்துக்கொள்கிற பட்டறைகள் இருக்கின்றன. பார்க்கிறது அரை நாளா ஒரு நாளா, ஒரு நாள் என்றால் கூலி எவ்வளவு என்று கையில் ஸ்பேனர் எடுப்பதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள். ஒழுங்கான தவுக்கே இதற்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் அதுவும் ஒரு தகவல்தான்.

சம்பளப் பேச்சில் எனக்கு ரெண்டு வழி சொன்னார்: கையில் 3200, இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) இல்லை, அல்லது 2700, இபிஎஃப் சொக்சோ எல்லாம் உண்டு. பார்த்தவுடன் 3200 தான் கண்ணை இழுக்கும். சட்டப்படி இது முதலாளியோ நாமோ விருப்பம்போல் தேர்ந்தெடுக்கிற விஷயமே இல்லை, கட்டியாகணும். அதை விட்டுவிட்டு வெறும் கணக்கை மட்டும் பார்ப்போம். 2700-க்கு முதலாளி போடும் 13 விழுக்காடு 351 வெள்ளி, ஆக மொத்தம் 3051. நம் பங்கு 11 விழுக்காடும் நம் பேரிலேயே சேர்கிறது. வித்தியாசம் 149 வெள்ளி. அந்த 149-க்காக நாம் விடுவது என்னவென்றால், லிஃப்டுக்குக் கீழே கை நசுங்கினால் சொக்சோ இல்லை, அடுத்த தடவை வேலை போனால் அலவன்ஸ் இல்லை, வீட்டுக் கடனுக்கு பேங்க் கேட்கிற சம்பளச் சீட்டும் இபிஎஃப் ஸ்டேட்மெண்டும் இல்லை. நான் 2700 எடுத்தேன். மூணு மாசம் கழித்துச் சம்பளத்தைத் திரும்பப் பேசணும் என்று அன்றைக்கே சொல்லி, அதை வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பியும் வைத்தேன். வாரத்துக்கு எத்தனை மணி என்பதையும் கேளுங்கள், 2023 ஜனவரியிலிருந்து 45 மணிதான் சட்டம், பல பட்டறைகள் இன்னும் பழைய 48 கணக்கிலேயே ஓடுகின்றன, சில அதையும் தாண்டி.

டூல்ஸ் விஷயம் சர்வீஸ் சென்டர் ஆட்கள் யோசிக்காத ஒன்று. அங்கே எல்லாம் கம்பெனி கொடுக்கும். வெளியே லிஃப்ட், கம்ப்ரசர், ஸ்கேனர் தவுக்கேயுடையது, கைச்சாமான் நம்முடையது. இழப்பீட்டுக் காசு வந்த சூட்டில் பெரிய டிராலி செட் வாங்கத் தோன்றும். வேண்டாம். 8-லிருந்து 19 வரை சாக்கெட், ஒரு நல்ல ராட்செட், நல்ல மல்டிமீட்டர், டெஸ்ட் லைட், இவ்வளவு போதும். மீதியை அந்தப் பட்டறைக்கு என்ன வண்டி வருகிறது என்று பார்த்து வாங்கலாம். மல்டிமீட்டரில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

எங்கே வேலை நிற்காமல் வரும் என்று கேட்டால், கிராப் வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள் வந்து போகிற பட்டறைகளைச் சொல்வேன். பெசா, சாகா, மைவி என்று வண்டிகள் ஓயாமல் ஓடுகின்றன, எஞ்சின் ஆயிலும் பிரேக் பேடும் அவர்களுக்கு அடிக்கடி வரும் செலவு, மூணு வருஷம் தாண்டிய வண்டிக்குப் பரிசோதனையும் உண்டு. அவர்களுக்கு வண்டி நின்றால் அன்றைக்குச் சோறு நின்றது, அதனால் வேலையைத் தள்ளிப்போட மாட்டார்கள். இன்னொரு பக்கம் ஹைபிரிட். 2011-லிருந்து 2013 வரை வரிவிலக்கில் ஹைபிரிட் கார்கள் மலிவாக வந்தன, ஹோண்டா இன்சைட், ஜாஸ் ஹைபிரிட் எல்லாம். அவற்றின் பேட்டரி இப்போது ஒவ்வொன்றாகச் சாகிறது. அதைத் தொடப் பயப்படாத ஆளுக்கு இடம் இருக்கிறது, ஆனால் 100 வோல்ட்டுக்கு மேல் டிசி, இன்சுலேட்டட் கையுறை இல்லாமல், அந்தப் பேட்டரியைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைப் பிடுங்கிக் காத்திருக்காமல் கையை விட்டால் அதோடு சரி. பயிற்சி எடுத்துவிட்டுப் போங்கள். காப்புறுதித் திட்டத்தில் வேலை இழந்தவர்களுக்குப் பயிற்சிக் கட்டண உதவியும் இருக்கிறது, விண்ணப்பிக்கும்போதே கேட்டு வையுங்கள்.

நேரமும் ஒரு கணக்கு. சீனப் புத்தாண்டுக்கு முன்னால் போனஸ் வாங்குவதற்காக யாரும் நகர மாட்டார்கள், வாங்கிய பிறகுதான் இடம் மாறுவார்கள், அதனால் புத்தாண்டு முடிந்த சில வாரங்களில்தான் காலி இடங்கள் தெரியும். நோன்புப் பெருநாளுக்கு முன்னாலும் கம்பத்துக்கு, அதாவது சொந்த ஊருக்கு, போகிறவர்கள் வண்டியைக் கொண்டுவந்து குவிப்பார்கள், அப்போது தற்காலிகமாகவாவது ஆள் கேட்பார்கள். தற்காலிகமாக உள்ளே போனவர்கள் அப்படியே தங்கிவிட்டதும் உண்டு.

சான்றிதழ் இல்லாதவர்கள் ஒன்று செய்யலாம். திறன் மேம்பாட்டு இலாகாவில் முன் அனுபவத்தை வைத்தே எஸ்கேஎம் என்ற மலேசியத் திறன் சான்றிதழை வாங்கும் வழி இருக்கிறது, பிபிடி என்பார்கள். வகுப்பில் உட்கார வேண்டியதில்லை, செய்த வேலைக்கு ஆதாரம் சேர்த்துக் கோப்பு கொடுக்கணும், மதிப்பீட்டாளர் வந்து பார்ப்பார். இதற்குத் தேவையான ஜாப் கார்டு நகல், வேலை செய்யும்போது எடுத்த படம், மேலதிகாரியின் கடிதம் எல்லாம் பழைய கம்பெனியில் இருக்கும்போதுதான் சுலபமாகக் கிடைக்கும். கதவு மூடிய பிறகு யாரிடம் போய்க் கேட்பது? வேலை போகப் போகிறது என்று காதில் விழுந்தவுடனே கம்பெனி முத்திரையோடு அனுபவக் கடிதமும், கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டும் வாங்கி வைத்துவிடுங்கள். பயிற்சிக்குப் போன சான்றிதழ்கள் ஆபீஸ் ஃபைலில் இருந்தால் அதையும் கேளுங்கள், நான் கேட்டபோது என்னுடையது மூன்று கிடந்தது, அதில் ஒன்றை நானே மறந்துபோயிருந்தேன்.